க வருவதற்கு முன்

ஒன்றே முக்கால் வயதில்
க வராது அவளுக்கு.
கதவு, ததவு.
குக்கர், துத்தர்.
மூன்றாவது விசிலுக்கு
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
துத்தர் அழுது, என்பாள்.
பேர் கேட்டால் தமலி.
நெல்லிக்குப்பத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில்
எந்த ஊரு பாப்பா நீ என்று கேட்ட கண்டக்டர்
பஸ் ஸ்டாண்டு வந்ததும்
தடலூர் எறங்கு, தடலூர் எறங்கு என்று
முழு பஸ்ஸையும் இறக்கிவிட்டார்.

கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
தேவநாதன் எழுதி வைக்கிறான்,
தேதி போட்டு.
ஆணா என்றால் வேணாம்.
ஞ்ஞு என்றால் நாய், சில நாள் செருப்பு.
இப்போதைக்கு நாற்பத்தொன்று.
ஒரு சொல்லை மட்டும் எழுதாமல்
என்னிடம் விட்டுவிட்டான்.

காலை ஏழரைக்கு, மோட்டார் நிற்கிற நேரம்,
மாடிச் சுவருக்கு ஒரு காக்கா வரும்.
இடது காலில் ஒரு விரல் கிடையாது.
என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி
பிஸ்கட்டை நீட்டி
இவள் கூப்பிடுவாள்:
தாத்தா வா.
தாத்தா இந்தா.

முதல்நாள்
பால் டம்ளரை எங்கே வைத்தேன் என்று
மத்தியானம் வரை தேடினேன்.

என் அப்பா கெடிலத்துக்கு அந்தக் கரை.
திருப்பாதிரிப்புலியூர்.
வண்டியில் எட்டு நிமிடம்,
பாலத்தில் மாடு படுத்திருந்தால் பன்னிரண்டு.
உயிரோடுதான் இருக்கிறேன் என்று
பென்ஷனுக்குக் கையெழுத்துப் போட
வருஷா வருஷம்
மஞ்சக்குப்பம் கருவூலத்துக்கு வருவார்.
எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு.
ஐந்து வருஷம் அங்கே வந்து
உயிரோடு இருந்துவிட்டுப் போனார்.
என் புருஷன் பேர்
கடைசிவரை அவர் வாயில் வரவில்லை.
அந்தப் பையன், என்பாராம்.
இவள் வயிற்றில் ஆறு மாசம்.
அண்ணன் சபாபதி போன் செய்தபோது
எல்லாம் எடுத்து முடிந்திருந்தது.

அமாவாசைக்கு அங்கே இலை போடுகிறார்கள்,
வடை, பாயசம், நெய் விட்ட சோறு.
இங்கே கிடைப்பது மாரி பிஸ்கட்,
அதுவும் பிள்ளை நக்கி நமுத்தது.

நம்புகிறவள் இல்லை நான்.
ஆனாலும் எந்த விரல் இல்லை என்று
இரண்டு தரம் குனிந்து பார்த்தேன்.
அப்பாவுக்கு எல்லா விரலும் இருந்தன.

கடைவாய்ப் பல் வந்தது.
செருப்பைக் கால் மாற்றிப் போட்டு நடந்தவள்
ஒருநாள் சரியாகப் போட்டுக்கொண்டாள்.
வரும்மா, க எல்லாம் மெதுவாத்தான் வரும்,
அவசரப்படாதீங்க, என்றார் டாக்டர்.
நான் எங்கே அவசரப்பட்டேன்.

ஐப்பசியில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
மூன்று நாள் வேலைக்குப் போக வழியில்லை.
அண்ணாந்து வாயில் தண்ணீர் ஊற்றி
க்க்க்க் என்று கொப்பளிக்க
தேவநாதன் அவளுக்குப் பழக்கினான்.
சட்டையெல்லாம் ஈரம், ஒரே சிரிப்பு.
மூன்றாம் நாள் ராத்திரி
இருட்டில் யாரோ சொன்னார்கள்:
கரண்ட் போச்சு.

யாரோ இல்லை.
கதவு. குக்கர். கமலி.
கமலி கமலி கமலி என்று
தன் பேரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு
தூங்கிப்போனாள்.

விடிந்ததும் மழை விட்டிருந்தது.
சுவரில் அது, சொட்டச் சொட்ட.
காக்கா, என்றாள்.
தேவநாதன் கேஸ் புத்தகத்தைத் தேடி உள்ளே ஓடினான்.

நான் உட்கார்ந்து
அவள் காதோடு கேட்டேன்,
தாத்தா சொல்லு.

பாடம் வராத பிள்ளையைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
தாத்தா இல்லம்மா. காக்கா.
பாதி பிஸ்கட்டைத் தின்றாள்.
மீதியை என் கையில் திணித்துவிட்டு
பேனா கேட்டு அப்பாவிடம் போய்விட்டாள்.

அது கழுத்தைச் சாய்த்து நின்றது,
ஏழு விரலால் சுவரைப் பிடித்துக்கொண்டு.

எனக்கு எல்லா எழுத்தும் வரும்.
வெறுமனே
இந்தா, என்றேன்.